சைகோன் மருந்து

என் கணவர் சைகோனில் ஒரு செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளை. சில வருடங்களுக்கு ஒருமுறைதான் வல்லத்திராக்கோட்டைக்கு வருவார். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை வந்தபோது, படுக்கைச் சுருட்டுக்குள் இரண்டு புட்டி சிவப்பு ஒயினை மறைத்துக் கொண்டுவந்தார். மதுவிலக்குக் காலம், பிடிபட்டால் மானம் போகும். மாமியார் என்னவென்று கேட்டதும், "மருந்து ஆத்தா, சைகோன் மருந்து. வச்சிருக்க வச்சிருக்க வீரியம் கூடும்" என்று வாய் கூசாமல் அளந்தார்.

ஒன்று புதுசு; மற்றது பல வருடப் பழசு. புதுசை மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திறந்தோம். நான் மோர் குடிப்பதுபோல் மடக்கென்று விழுங்கப் போனேன். "மொதல்ல மோந்து பாரு. வாயில கொஞ்ச நேரம் வச்சிரு" என்றார். பழுக்காத நாவற்காயைக் கடித்ததுபோல் நாக்கு இழுத்துக்கொண்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது ஒன்னய மாதிரி, சுள்ளுங்கும். பழசு அப்படியில்ல, துவர்ப்பெல்லாம் அடங்கி மெதுவா எறங்கும். நமக்கு நரைக்கிறப்பத் தெறப்போம்."

வெயில் படக்கூடாதாம், தக்கை காயாமல் படுத்தே கிடக்க வேண்டுமாம். நெல்மூட்டைகளுக்குப் பின்னால் மணலில் அதைப் படுக்க வைத்துவிட்டுக் கப்பலேறினார்.

நரைக்கும்வரை காலம் விடவில்லை. நாற்பதுகூட ஆகாமல், வயிற்றில் கட்டியோடு திரும்பினார். திருச்சி ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மாமியார் அழவில்லை. நேரே போய் அந்தப் புட்டியை எடுத்து வந்தார்.

"இதுக்குன்னுதான் வச்சிருந்தேன். ஒவ்வொரு சித்திரைக்கும் ஊறுகாய்ச் சாடியோட முத்தத்துல வெயில் காட்டி, பழையபடி மணல்ல கெடத்திருவேன். கெடவே கெடாது."

சித்திரையில் நான் கீரனூரில் தாய்வீட்டில் இருப்பேன். எனக்கு இது தெரியவே தெரியாது.

வெள்ளி டம்ளரில் ஊற்றியபோதே புளித்த வாடை அடித்தது. கணவர் வழக்கம்போல் மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாமியார் கட்டிலோரம் நின்று மகனின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் வாயில் வைத்திருக்காமல், மடக் மடக்கென்று முழுவதையும் விழுங்கினார்.

"மெதுவா எறங்குது ஆத்தா."

டம்ளரின் அடியில் ஒட்டியிருந்ததை நான் நாக்கில் வைத்தேன். சுத்தமான காடி. மாமியார்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கணவர்மேலும் வந்தது. மருந்தென்று ஏன் சொல்லித் தொலைத்தார்?

அவர் போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு, மாமியார் அந்தக் காலிப் புட்டியைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வீரியம் கூடட்டும்னு வச்சு வச்சே காலத்தக் கடத்திப்புட்டேன். மொதல்லயே குடுத்திருந்தா எம்புள்ள பொழைச்சிருப்பான்ல?"

அது மருந்தே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், செத்த மகன் அந்தத் தாய்க்குக் குடிகாரனாகிவிடுவான். ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குடுத்திருந்தாலும் கேட்டிருக்காதுங்க அத்தை" என்றேன்.

சாகும்வரை அவர் அதை நம்பவில்லை.