கிட்டுவின் முதுகும் காக்கைச் சோறும்

கால்நடை மருத்துவத்தில் நோயாளி பேசுவதில்லை. உடன் வருபவர் நிறையப் பேசுவார், முக்கியமானதைக் கடைசியில் சொல்வார்.

முதலில் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். டேஷண்ட் நாய்க்கு உடல் நீளம், கால்கள் குட்டை. எடை கூடினாலோ உயரத்திலிருந்து குதித்தாலோ, முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தக்கூடும், பின்னங்கால்கள் செயலற்றுப்போகலாம். அதன் கண்களைப் பார்த்தபின் தட்டிலுள்ளதைத் தனியே தின்ன முடியாமல் தவித்தவர்களுக்கே இதை எழுதுகிறேன்.

எடை

மயிலாப்பூர் வைத்தியநாதன் சாருடைய மனைவி வளர்த்த டேஷண்ட் நாய் கிட்டு. அந்த அம்மா போன ஆண்டு காலமானபின் வீட்டில் சாரும் கிட்டுவும் மட்டுமே. கோபாலபுரத்திலுள்ள என் கிளினிக்கிற்கு வந்த சார், அளவாகத்தான் உணவு வைப்பதாக உறுதியாகச் சொன்னார். என் உதவியாளர் செல்வி கிட்டுவைத் தூக்கி எடைமேடையில் வைத்தாள்.

"இன்னா சார், நாயைக் கூட்டியாரச் சொன்னா தலகாணியத் தூக்கினு வந்துகீறீங்க?"

பின்னங்கால்கள்

அடுத்த மாதம், போர்வையில் சுற்றிய கிட்டுவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னங்கால்கள் துணிபோல் தொங்கின. எங்கிருந்து குதித்தது என்று கேட்டேன். எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்: தினமும் தாம் உண்ணுமுன், மனைவியை நினைத்துக் கொல்லையிலுள்ள துவைக்கிற கல்லின்மேல் காக்கைக்கு நெய்ச்சோறு வைப்பாராம். கிட்டு பக்கத்துப் படி வழியே ஏறி, அதைத் தின்றுவிட்டுக் குதிக்குமாம். ஏன் தடுக்கவில்லை என்றேன்.

"அவளுக்கு வச்ச சாதத்தை அவ கொழந்தைதானே சாப்பிடறதுன்னு விட்டுட்டேன், டாக்டர்."

கூண்டு

பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினேன். கிட்டு முனகித் திரும்பிப் பார்த்தது. உணர்ச்சி இருந்தது; ஆகவே நம்பிக்கையும் இருந்தது. மருந்தோடு, சில வாரங்கள் கூண்டிலேயே கிடக்க வேண்டும். வெளியே கொண்டுபோகும்போது வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தாங்க வேண்டும். காக்கைச் சோறு மொட்டைமாடிக்குப் போக வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையசைத்தவர், கிட்டு இனி நடக்குமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்பதே என் பதில்.

வாரந்தோறும் வந்தார். ஒருநாள் செல்வி துண்டால் தாங்கிக் கிட்டுவை நிறுத்தினாள். அதன் கால்களைப் பார்க்க மனமில்லாமல், சார் வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இப்டித் திரும்புங்க. துண்டை எடுத்துட்டேன், தோ என் கையில கீது. அவன் தானா நிக்கிறான்."

பின்னர் உறுதியானவை: கிட்டு நடக்கிறது, திரும்பும்போது மட்டும் பின்பாகம் சற்றுத் தள்ளாடுகிறது. எடை குறைந்துவிட்டது. அது ஏறிக் குதிக்காதிருக்கக் கட்டிலை அகற்றிவிட்டு, சார் தரையில் பாய் விரித்து அதன் பக்கத்தில் படுக்கிறார். ஆக, அந்த வீட்டில் இப்போது முதுகுவலி சாருக்கு மட்டுமே.