கண்ணாடியில் தெரிந்த வலது கை

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. எம். புதுப்பட்டியில் பட்டாசு லோடு லாரி ஓட்டியவர். "நல்ல மனுசனுக்கு இப்படி ஆயிப்போச்சே" என்று தெருவே வந்து அழுதது. நானும் அழுதேன். ஆனால் அந்தக் கைக்காக அழவில்லை. பதினெட்டு வருடம் என்னை அடித்த கை அது.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் பெரிய கண்ணாடி ஒன்றை அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் நிறுத்தி, விழுந்த கையை அதற்குப் பின்னால் மறைத்தாள். இடது கையை அசைத்தால் வலது கை அசைவது போலவே கண்ணாடியில் தெரிந்தது.

"கண்ணு பாக்குறத மூளை நம்பிரும் அக்கா. செத்துக் கெடக்க கைக்கு உசிரு வரும். தினமும் வீட்டுல செய்ய வைங்க. அந்தக் கை வழக்கமா என்ன செய்யுமோ, அதையே செய்யச் சொல்லுங்க."

அது வழக்கமாக என்ன செய்யும் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

வீட்டில் கண்ணாடியை வைத்ததும் அவர் முரண்டு பிடித்தார். கண்ணாடிக் கையைக் காட்டிக் காட்டித் தலையை ஆட்டினார். அவருடைய வலது புறங்கையில் ஒரு தழும்பு உண்டு. கண்ணாடிக் கையில் அது இல்லை. பயிற்சிப் பெண்ணிடம் போனில் கேட்டேன். "அதே மாதிரி இடது கையில வரைஞ்சு விடுங்க அக்கா" என்றாள் சாதாரணமாக. ஒரு தீபாவளி சீசனில், அடியைத் தடுத்த என் கண்ணாடி வளையல் உடைந்து கிழித்ததில் வந்த தழும்பு அது. தினமும் பேனா எடுத்து நானே அதை வரைந்தேன். என்ன பிழைப்பு இது என்று வெறுத்துப்போனது.

மூன்றாவது வாரம் வலது ஆள்காட்டி விரல் லேசாக அசைந்தது. அவர் தேம்பித் தேம்பி அழுதார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் கையை உயர்த்தும் பயிற்சி. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவருடைய இடது கைக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை. ஆனால் கண்ணாடியில் தழும்போடு வலது கை சட்டென்று எழுந்தது. என் தலை தானாகக் குனிந்தது, முழங்கை முகத்தை மறைத்துக்கொண்டது. வெறும் பிம்பம் என்று தெரியும். தெரிந்து என்ன? என் மூளையும் கண்ணைத்தான் நம்பியது.

அவர் அதைப் பார்த்துவிட்டார். சிரித்தார். நோய் வந்தபின் அதுதான் முதல் சிரிப்பு. பிறகு நான் சொல்லாமலே கையை இன்னொரு தடவை தூக்கினார், என்னையே பார்த்துக்கொண்டு.

அன்றைக்கே கண்ணாடியைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் விரல் அசையவில்லை.

"வீட்டுல விடாம செய்றீகளா அக்கா?"

"தினமும் செய்றோம்மா" என்றேன்.

அவர் இடது கையை ஆட்டி, என்னைக் காட்டி, வார்த்தை வராமல் கத்தினார்.

"கோவப்படாதீக அண்ணாச்சி" என்று அந்தப் பெண் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "அக்கா உங்களுக்காக எம்புட்டுப் பாடுபடுறாக!"