எலுமிச்சை வில்லை போட்ட பூச்சாடி

காரைக்கால் தலத்தெருவில் எங்கள் வீடு. மறதி நோய் உள்ள மாமியாரைப் பார்த்துக்கொள்வதே என் முழுநேர வேலை. பங்குனி வெயிலில் கூடம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று, கைப்பேசியில் பார்த்தபடி கண்ணாடிச் சாடியில் எலுமிச்சை வில்லைகளை அடுக்கித் தண்ணீர் ஊற்றி, வாசலில் பூத்திருந்த அரளிக் கொத்தைச் செருகி வைத்தேன். அன்று மதியம் அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது பூக்கள் தரையில் கிடந்தன. மாமியார் கையில் சாடி.

"ஜூஸு கசக்குது. சீனி போடலையாம்மா?" என்றார்.

சாடியில் தண்ணீர் குறைந்திருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"சாடியில என்ன பூ வச்சிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"அரளிங்க."

"அது ஊறின தண்ணியும் விஷங்க. நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கணும், இங்கயே இருக்கட்டும்."

இரண்டு நாள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மிடறுதான் குடித்திருந்ததால் பிழைத்தார்.

இப்போது சாடியில் கடற்கரை மணலும் கிளிஞ்சலும்தான். அரளி வீட்டுக்குள் வருவதில்லை. மதியம் படுக்கும் முன், மாமியார் கைக்கெட்டும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் வைத்துவிடுகிறேன். அன்று அவருக்குத் தாகம் எடுத்திருக்கிறது. அதைத்தான் நான் நினைத்தே பார்க்கவில்லை.