வராத நாளுக்கு ஒரு வரி

போன செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. கதவைத் திறந்தால் எதிர் ஃப்ளாட் செல்வி. தலையில் ஹெல்மெட், தோளில் பை, கையில் போன்.

“அக்கா, படகக் காணோம்” என்றாள்.

போனை வாங்கிப் பார்த்தேன். நான் செய்துகொடுத்த பக்கம்தான். அதில் ஒரு நீலக் கடலும் சின்னப் படகும் இருக்க வேண்டும். இரண்டுமே இல்லை. திரை முழுக்க வெள்ளை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். செல்வி காரைக்கால்காரி. கணவர் இங்கே வியட்நாமில், வுங் டாவ் ஊரை ஒட்டிய கடலுக்குள், எண்ணெய் எடுக்கும் மேடையில் கிரேன் ஓட்டுகிறார். நாலு வாரம் கடல், நாலு வாரம் வீடு. வீடு என்பது சைகோனில், கான் ஹொய் பகுதியில், எங்கள் கட்டடத்தின் ஐந்தாவது மாடி.

நான் இருபது வருடமாக கிராஃபிக் டிசைனர். பிஸ்கட் பாக்கெட், ஹோட்டல் மெனு, நகைக்கடை போஸ்டர்… எல்லாம் பார்த்தாயிற்று. இப்போதெல்லாம் கிளையன்ட்டுகள், ‘வரைந்தால் மட்டும் போதாது, ஓடவும் வைத்துக் கொடு’ என்கிறார்கள். சரிதான் என்று இந்த வயதில் கோடிங் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்றா சொன்னேன்? மிதந்தேன் என்று சொல்ல வேண்டும். என் ஜன்னலுக்குக் கீழே கால்வாய். மதியம் மழை பிடித்தால் எதிர்க்கரைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக மங்கி மறையும். அதைப் பார்த்தபடியே ஓர் அடைப்புக்குறியைத் திறப்பேன். மூடுவதற்குள் மனசு ஏதோ ஒரு கப்பலோடு போய்விடும். திரும்பி வரும்போது ஐஸ் காபியில் ஐஸ் இருக்காது. என்ன சுகம் தெரியுமா அது!

அப்படிப் பழகுவதற்காகச் செய்ததுதான் செல்வியின் பக்கம். மேடையில் வேலை செய்பவர்களின் மனைவிமார் சேர்ந்து ஆன்லைனில் ஒரு ஷீட் வைத்திருக்கிறார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு படகு என்றைக்குக் கரைக்கு வரும் என்று அதில் போடுவார்கள். என் பக்கம் அந்தத் தேதியைப் படித்து, படகைத் தினமும் கொஞ்சம் கரைப்பக்கம் நகர்த்தும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடலின் நீலத்துக்கு மட்டும் நாலு நாள் செலவழித்தேன்.

செல்விக்கு அது உயிர். பென் தான் மார்க்கெட்டில் காய் விற்கும் அம்மா வரைக்கும் காட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

இப்போது வாசலில் நின்றபடியே கொட்டினாள்.

“ரெண்டு நாளா ஒரே காத்துக்கா. நேத்துலேர்ந்து அவருக்கு லைன் போகல. காலைல எழுந்து இதப் பாத்தா ஒண்ணுமே இல்ல… படகுக்கு ஏதாச்சும்…” பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டேன். கீழ ஸே ஓம் நிக்குது. பஸ் புடிச்சு வுங் டாவ் போயிடுறேன். சாயங்காலம் அவளக் கூட்டியாந்துடுங்கக்கா.”

ஸே ஓம் என்றால் வாடகை பைக். வெளியே மழை கொட்டுகிறது.

“ஒரு நிமிஷம் இரு” என்று லேப்டாப்பைத் திறந்தேன். ஷீட்டில் தேதிக் கட்டம் காலி. என் கோடிங்கில் நான் எழுதியிருந்தது — தேதி இருந்தால் கடலையும் படகையும் காட்டு. நல்லது. தேதி இல்லையென்றால்?

ஒன்றுமே எழுதவில்லை. ‘இல்லையென்றால் என்ன செய்ய’ என்று ஒரு பாடமே இருந்தது. அன்றைக்கு நல்ல மழை… மிதந்து போய்விட்டேன்.

யோசித்தால் இது என் தொழிலின் வியாதி. நாங்கள் வரைவது எப்போதும் நல்ல நாளைத்தான். எங்கள் மெனுவில் மீன் தீர்ந்துபோவதில்லை. எங்கள் விளம்பரத்துப் பெண்ணுக்குப் பல்வலி வருவதில்லை. எங்கள் படகு வந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் வெள்ளை விடுங்கள், அழகாக இருக்கும் என்று சொல்லியே சம்பாதித்தவள் நான். அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு ஒருத்தி ஹெல்மெட்டோடு வந்து நிற்பாள் என்று நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

“ஷீட்ட யாரு பாத்துக்கிறாங்க? மொதல்ல அவங்களக் கூப்பிடு” என்றேன். இதை முன்னாலேயே செய்திருக்கலாமே? பயந்துபோனவளுக்கு எங்கே தோன்றும்!

மூன்றாவது தடவைதான் அந்தப் பெண் எடுத்தாள். இருவரும் வியட்நாமியில் படபடவென்று பேசினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“கடல் சரியில்லன்னு படகே கெளம்பலயாம். மேடைல எல்லாரும் நல்லாருக்காங்களாம். புதுத் தேதி வர்ற வரைக்கும் பழச அழிச்சு வெச்சாளாம்…” ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதாள். நானும்தான்.

ஸே ஓம்காரரை அனுப்பிவிட்டு வந்து, விட்டுப்போனதை எழுத உட்கார்ந்தேன். தேதி இல்லையென்றால் — ‘தகவல் இல்லை’. அடக்கமான சாம்பல் நிறம். அழகான எழுத்து.

செல்வி எட்டிப் பார்த்தாள். “ஆஸ்பத்திரில சொல்ற மாதிரி இருக்குக்கா.”

அழித்தேன். ‘தேதி இன்னும் போடவில்லை’ என்று எழுதினேன். உண்மை. கோடிங்குக்கு அதற்கு மேல் தெரியாது. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

“வேற என்ன போடட்டும், நீயே சொல்லு. அங்கேர்ந்து லைன் கெடச்சா மொதல்ல என்ன சொல்வாரு?”

“என்ன சொல்வாரு… சாப்டியாம்பாரு.”

அதையே இரண்டாவது வரியாகச் சேர்த்தேன்; முதல் வரியையும் அவர் பேசுகிற மாதிரி மாற்றினேன். செல்வி தன் போனில் பக்கத்தைத் திறந்தாள். நீலக் கடல் வந்தது. படகு இல்லை. நடுவில் இரண்டே வரி.

தேதி இன்னும் போடல. 
நீ சாப்டியா?

செல்வி படித்தாள். பிறகு, நான் ஒருத்தி பக்கத்தில் இருப்பதையே மறந்து, போனைப் பார்த்துச் சொன்னாள் — “இன்னும் இல்லங்க.”

இருபது வருடம் போஸ்டர் போட்டிருக்கிறேன். ஒரு போஸ்டருக்கும் யாரும் பதில் சொன்னதில்லை.