என்டர் தட்டாத வெள்ளிக்கிழமை

கோவையிலிருந்து கணவர், மகளோடு டென்மார்க் வந்து, ஹோர்சன்ஸ் நகரில் ஒரு சிறிய கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பன்றிப் பண்ணைகளில் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளைச் செய்கிற கம்பெனி அது. கருவிக்குள் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும். அதை நாண்ட் ஃபிளாஷ் என்ற மெமரி சிப்புகளில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. புரொபேஷன் முடியவில்லை. என் வேலையை வைத்துத்தான் எங்கள் மூவருக்கும் விசா. வேலை போனால் மகளைப் பள்ளியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அந்தப் பயம் என்னை விடவில்லை.

அந்த வாரம் பெரிய ஆர்டர் ஒன்று போக வேண்டியிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சிப்பில் இருப்பதை அப்படியே நகலெடுத்துப் புதுச் சிப்புகளில் எழுதினேன். சில ஏற்றுக்கொண்டன. பலவற்றில் சிப்பில் எழுதும் மெஷின் 'பேட் பிளாக்' என்று சொல்லிப் பாதியிலேயே நின்றுவிட்டது. சிப்புக்குள் இடம் சின்னச் சின்னப் பிளாக்குகளாகப் பிரிந்திருக்கும். அவற்றில் சில கெட்டவை என்று குறி போட்டிருந்தது. புத்தம் புதுச் சிப்பில் கெட்ட பிளாக்கா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வேறு வாங்கலாமென்றால், பல மாதம் ஆகும் என்று சப்ளையர் கையை விரித்துவிட்டார்.

இந்தியாவில் நான் பழகிய சிப்புகள் இதையெல்லாம் தாமே பார்த்துக்கொள்ளும் ரகம். இந்த ரகம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று வாயைத் திறந்து கேட்கக் கௌரவம் விடவில்லை. இணையத்தில் தேடியதில், அந்தக் குறிகளையும் சேர்த்து அழித்துவிடும் வசதி ஒன்று இருப்பது தெரிந்தது. ஒரு சிப்பில் செய்து பார்த்தேன். குறி போனது, லினக்ஸ் ஜம்மென்று ஓடியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை. மிச்சச் சிப்புகள் எல்லாவற்றையும் அப்படியே துடைக்கத் தயார் செய்தேன். 'நிச்சயமாக அழிக்கலாமா?' என்று திரை கேட்டது. என் விரல் என்டர் மேல் இருந்தது. அப்போதுதான் பேக்கிங் பிரிவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் வந்து நின்றார். எங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவார்கள்; அண்ணன் அதைப் பாண் என்பார். எனக்கு அது சுத்த நேர விரயம். சேர்ந்ததிலிருந்து டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, எழும்புங்கோ. பாண் ஆறப் போகுது."

"இதோ அண்ணா, ஒரு நிமிஷம். இதைத் தட்டிட்டு வந்துடறேன்."

"வந்து தட்டலாம். நீங்கள் ஒருநாளும் வாறேல்லை எண்டு அவையள் கதைக்கினம். வாங்கோ."

மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். மேசையில் எங்கள் மூத்த எஞ்சினியர், டென்மார்க்காரர், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். குறிகளை அழித்து ஓட வைத்ததை நான் பெருமையாகச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

எந்த நாண்ட் சிப்பிலும் ஒன்றிரண்டு பிளாக் கெட்டிருப்பது சகஜமாம். சிப் செய்கிறவர்களே சூட்டிலும் குளிரிலும் சோதித்து அந்தக் குறியைப் போடுகிறார்கள். அதை அழித்துவிட்டால், எது கெட்டது என்று பிறகு யாராலும் நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை சிப்பில் அழித்தாய் என்று கேட்டார். ஒன்றுதான், மற்றவற்றுக்குத் திரையில் கேள்வி அப்படியே நிற்கிறது என்றேன். அவர் பெரிதாக மூச்சு விட்டார். ஓடிப் போய் 'வேண்டாம்' என்பதை நானே அழுத்தினேன்.

பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். கெட்ட பிளாக் வந்தால் அதைத் தாண்டி அடுத்த நல்ல பிளாக்கில் எழுத வேண்டும், கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சம் விட வேண்டும், ஓடும்போது புதிதாகக் கெட்டால் லினக்ஸும் அதேபோல் ஒதுங்கிப் போகும்படி அமைக்க வேண்டும். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் எல்லாச் சிப்புகளும் வேலை செய்தன. நான் துடைத்த அந்த ஒன்றை மட்டும் சூட்டில் சோதிக்கும் பெட்டியில் வைத்தோம். லினக்ஸ் பாதி வழியில் நின்றுபோனது. கோடையில், அடைத்த கொட்டகையில், காற்றாடி நின்று பன்றிகள் மூச்சுத் திணறுவதை நினைத்துக்கொண்டே அந்தச் சிப்பை எடுத்து என் மேசையில் தனியாக வைத்தேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மேனேஜர் கூப்பிட்டார். முடிந்தது கதை என்று போனேன். அடுத்த வெள்ளிக்கிழமை கேக் கொண்டு வா என்று மட்டும் சொன்னார். ஒன்றும் புரியாமல் அண்ணனிடம் கேட்டேன்.

"பிழை விட்ட ஆக்கள் கேக் கொண்டு வாறது இஞ்சத்தைய வழக்கம். பயப்பிடாதேங்கோ. வேலையாலை நிப்பாட்டப் போற ஆளிட்டைக் கேக் கேட்க மாட்டினம்."

சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன், சிரித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கேக்கோடு ஒரு பெரிய டப்பா ரவா கேசரியும் கொண்டு போனேன். டப்பா காலியாகத்தான் திரும்பியது.

நான் துடைத்த அந்தச் சிப் இன்றும் என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த யாராவது வெள்ளிக்கிழமை காலையில் "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்றால், நான் விடாமல் கையோடு இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன். எங்கள் மூவரின் பிழைப்பு அன்று தப்பியது அந்த ரொட்டி மேசையில்தான்.