மைக்கில் ஏறாத பேச்சு

மைக்செட்காரரை எல்லாரும் ‘ஹலோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்கைத் தட்டித் தட்டி "ஹலோ, ஹலோ" என்றே பாதி ஆயுளைக் கழித்தவர். அடுத்தவன் புளுகைப் பெரிதாக்கிக் கேட்க வைப்பதுதான் தன் பிழைப்பு என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கரியமில வாயுவைக் குறைக்க, நிலக்கரி எரிக்கும் மின்நிலையத்தை மூடலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். அதற்கும் அவர்தான் மைக்செட். அவர் மனைவியின் அண்ணன் அங்கே கொதிகலன் பார்ப்பவர். தொழிலாளர் சார்பில் அவரையே பேசச் சொல்லியிருந்தார்கள்.

"புகை நிக்கட்டும் மாப்ள. என் பொண்ணே இளைப்புல கிடக்குறா. ஆனா மூடுறதுக்கு முன்னாடி எங்களுக்கு வேற வேலை காட்டட்டும். இதை மட்டும் எழுதிக்கிட்டாப் போதும். எப்படி ஆரம்பிக்கிறது?" என்று முதல் நாளே ஹலோவிடம் கேட்டார் அவர்.

"மேடையில இருக்கிற ஒவ்வொருத்தரையும் ‘அவர்களே’ன்னு கூப்பிடுங்க மச்சான். ஒருத்தரை விட்டாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க" என்றார் ஹலோ, பாதி கிண்டலாக.

கூட்டத்தன்று, அதை நடத்தும் அதிகாரி அம்மா ஹலோவிடம் வந்தார். "ஆளுக்கு மூணு நிமிஷம். மணி அடிச்சதும் மைக்கை நிறுத்திடுங்க. மைக்ல வர்றதுதான் பதிவு."

மச்சானிடம் போய்ச் சொல்லலாம் என்று எழுவதற்குள், முதல் ஆளாக அவரையே அழைத்துவிட்டார்கள்.

தலைவர் அவர்களே, அதிகாரி அவர்களே, பொறியாளர் அவர்களே... தண்ணீர் பாட்டில் வைக்க வந்தவரைக்கூட மச்சான் விடவில்லை. கூட்டம் சிரித்தது. ஹலோ மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். சீக்கிரம் என்று கையைச் சுழற்றிக் காட்டினார். அதைப் பாராட்டு என்று நினைத்து மச்சான் இன்னும் இரண்டு பேரை விளித்தார்.

"இப்ப விஷயத்துக்கு வர்றேன். நாங்க கேக்கிறது என்னன்னா..."

மணி அடித்தது.

ஹலோவின் விரல் பொத்தான்மேல் நின்றது. அதிகாரி அம்மா திரும்பிப் பார்த்தார். அப்படிப்பட்ட பார்வைக்குப் பழகிப்போன விரல், அழுத்திவிட்டது.

மச்சானின் வாய் மட்டும் அசைந்தது. "கேக்கல!" என்று பின்வரிசையில் கத்தினார்கள். அவர் குரலை உயர்த்திப் பார்த்தார். மின்விசிறிகள் அதைவிட உரக்க இரைந்தன. அடுத்துப் பேச வேண்டியவர் தோளைத் தொட்டதும் இறங்கிவிட்டார்.

கடைசியில் அதிகாரி அம்மா தொகுத்துச் சொன்னார்: "தொழிலாளர் பிரதிநிதி எல்லாருக்கும் மரியாதை தெரிவித்தார். ஆட்சேபம் எதுவும் இல்லை."

எல்லா ஸ்பீக்கரிலும் அது பிசிறில்லாமல் கேட்டது. மச்சான் பதறி எழுந்து கையைத் தூக்கினார். வணக்கம் வைக்கிறார் என்று யாரோ கைதட்ட, அரங்கமே சேர்ந்துகொண்டது.

கூட்டம் கலைந்ததும் மச்சான் வந்து, வயர் சுருட்ட உதவினார்.

"நிறுத்தினது நீங்களா மாப்ள?"

"மணி அடிச்சா நிறுத்தணும்னு... மச்சான், நான்..."

"விடுங்க. உங்க வேலையாவது உங்களுக்கு இருக்கணும்ல."

சுருட்டிய வயரை ஹலோவின் கையில் கொடுத்துவிட்டு, மச்சான் மாலை ஷிப்டுக்குக் கிளம்பினார்.