தங்கச்சி வளைச்ச தண்ணி

முதல்ல என் முட்டாள்தனத்தை ஒத்துக்கறேன். என் தங்கச்சி வளைச்சு வச்ச தண்ணிய நான் நேராக்கிட்டேன்.

அனகாபுத்தூர்ல பொறந்தவ. வெள்ளத்துல ஊறின புஸ்தகத்தைக் கொடியில காயப்போட்டுப் படிச்சு, தாம்பரத்துல கெமிஸ்ட்ரி டீச்சர் ஆனா. கல்யாணமாகி பீர்க்கன்கரணைல குடித்தனம். அவகிட்ட படிச்ச நிறைய பேர் இதைப் படிப்பீங்க. அண்ணன்காரன் மட்டும்தான் படிக்காம தப்பிச்சவன்.

உடம்பு முடியாம லீவுல இருந்தப்பவும் அவளுக்குப் பசங்க பாடம்தான் கவலை. படுத்துக்கிட்டே தெர்மாகோல் உருண்டையில தண்ணி மூலக்கூறு செஞ்சு, "இதையாவது ஸ்கூல்ல குடுத்துடுண்ணா"ன்னா. நடுவுல பெரிய சிவப்பு ஆக்ஸிஜன், ரெண்டு பக்கம் சின்ன வெள்ளை ஹைட்ரஜன். ஷேர் ஆட்டோ நெரிசல்ல வளைஞ்சிடுச்சுன்னு நெனச்சு, ஸ்கூல் வாசல்லயே குச்சியப் புடுங்கி நேரா குத்தி, கோந்து தடவிக் குடுத்தேன். பெருமையா போன் வேற பண்ணேன்.

"ஐயோ அண்ணா, அது வளைஞ்சுதான் இருக்கணும்!"

"நேரா இருந்தா என்னம்மா?"

"ஆக்ஸிஜன்ல யாரோடயும் சேராத ரெண்டு எலக்ட்ரான் ஜோடி இருக்கு. மாடல்ல தெரியாது. ஆனா அதுங்கதான் அதிக இடம் புடிச்சு, ஹைட்ரஜன் பக்கத்து ஜோடிங்களை நெருக்கித் தள்ளும். வளைவு இல்லன்னா தண்ணி ஒண்ணோட ஒண்ணு இழுத்துப் புடிக்காது, ஆவியாப் போயிடும். நம்ம ஏரியே இருக்காது."

"அப்ப எதுதான் நேரா இருக்கும்?"

"கார்பன் டை ஆக்சைடு. நடு கார்பன்ல அந்த மாதிரி தனி ஜோடி கிடையாது. ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு எதிரெதிரா நின்னுடும்." அப்புறம் சிரிச்சா. "அம்பது வயசுல முதல் கேள்வி கேட்டிருக்கண்ணா."

மறுநாள் கோணமானி வச்சு நூத்தி நாலரை டிகிரிக்கு இன்னொண்ணு செஞ்சா. மடியில வச்சுக் கொண்டுபோனேன். ஸ்கூல் பசங்களுக்கு அவ நடத்தின கடைசி பாடம் அது.

அப்புறம் தினமும் ஒண்ணு கேட்டேன். மீத்தேன் ஏன் நாலு மூலைக்கும் நீட்டிக்கிட்டு இருக்கு, அம்மோனியா ஏன் குடை மாதிரி இருக்குன்னு. மீதிக் கேள்வியெல்லாம் என்கிட்டயே தங்கிடுச்சு.

அவளைக் குழந்தை மாதிரி பாத்துக்கிட்ட நர்சம்மாக்களுக்கும், அவ கிளாஸையும் சேர்த்து எடுத்த டீச்சர்களுக்கும், அந்த மாடலைப் பத்திரமா திருப்பிக் கொண்டுவந்து குடுத்த பிள்ளைங்களுக்கும் எங்க குடும்பம் கடமைப்பட்டிருக்கு.

வருஷ திதிக்கு அவ போட்டோவ மாட்டி, அந்த மாடலைத் தொடச்சு முன்னாடி வைக்கலாம்னு கை நீட்டினேன். அவ பொண்ணு தடுத்துட்டா.

"மாமா, போட்டோ கோணலா இருக்கு, அதை நேராக்குங்க. தண்ணியத் தொடாதீங்க."